பாக்கெட் தொலைந்தால் யார் தேடுவது?

நாகர்கோவிலில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். நம்ம ஊர்ப் பக்கத்தில் கேட்ட சில கேள்விகளுக்குப் பதில் இது. இணையத்தில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும், அதுதான் பாக்கெட். அதை வழியில் கைமாற்றிவிடுகிற பெட்டி ரவுட்டர். எல்லாம் தொலையாமல் போய்ச் சேர்வதற்கான விதிமுறை டிசிபி.

தக்கலை மாணவி: அண்ணே, டிசிபியில் அனுப்பியது போய்ச் சேர்கிறதா என்று வழியில் உள்ள ரவுட்டர்தான் பார்த்துக்கொள்கிறதா?

இல்லை மக்களே. வரிசை நிரம்பினால் ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும், யாரிடமும் சொல்லாது. தேடுவது இரண்டு முனையிலும் உள்ள கம்ப்யூட்டர்கள்தான்.

தோவாளையில் பூ ஏற்றுவதை நினைத்துக்கொள். கூடைதான் பாக்கெட். டிசிபி கூடைக்கு நம்பர் போடுவதில்லை, பூவுக்கே போடுகிறது, அதாவது ஒவ்வொரு பைட்டுக்கும். கூடையின் மேல் முதல் பூவின் நம்பர் மட்டும் இருக்கும். கூடைக்கு 1460 பைட் என்றால் 1, 1461, 2921, 4381, 5841 என்று ஐந்து கூடை போகும். (நிஜத்தில் ஏதோ ஒரு பெரிய எண்ணில் தொடங்கும்.) இரண்டாவது வழியில் விழுந்துவிட்டது. வாங்குகிறவர் முதல் கூடைக்கு "1461 வேணும்" என்பார். மூன்றாவது வந்தாலும் "1461 வேணும்". நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் அதே பாட்டுதான். இப்படி மூன்று தடவை திரும்பச் சொன்னதும், பதிலுக்காக வைத்திருக்கும் டைமர் முடியும்வரை காத்திராமல் அனுப்புகிறவர் அந்த ஒரு கூடையை மட்டும் மறுபடி அனுப்புவார். அடுத்த பதில் நேராக "7301 வேணும்". மற்றவை ஏற்கெனவே வந்து காத்திருக்கின்றனவே!

கருங்கல்: டிசிபி இணைப்பைத் தொடங்க எதற்கு மூன்று செய்தி?

இரண்டு பேரும் தங்கள் தொடக்க எண்ணைச் சொல்ல வேண்டும், எதிராளி "கேட்டது" என்று சொல்ல வேண்டும். அது நாலு. நடுவில் உள்ள இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடலாம், அதனால் மூன்று.

குளச்சல்: அப்போ யூடிபி எதுக்கு அண்ணாச்சி?

யூடிபி என்பது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பிவிடுகிற இன்னொரு விதிமுறை, கடலில் வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிற மாதிரி. சொல்லியாச்சு, கேட்டால் கேட்டது. போன் பேச்சில் ஒரு சொல் அரை விநாடி தாமதமாக வந்து என்ன பயன்? ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னால் ஒட்டுகிற விவரச் சீட்டு (ஹெடர்) யூடிபிக்கு வெறும் 8 பைட், டிசிபிக்குக் குறைந்தது 20.

மார்த்தாண்டம் கடைக்காரர்: லைன் நெரிசலாக இருந்தால் திரும்பத் திரும்ப அனுப்பினால் போச்சு, இல்லையா?

அதைத்தான் 1986-இல் செய்து மாட்டிக்கொண்டார்கள். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜம்தான். விநாடிக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட்டாகச் சுருங்கியது. தொலைந்ததை எல்லாரும் மறுபடி மறுபடி தள்ளியதால் நெரிசல் இன்னும் கூடியது. 1988-இல் வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் எழுதிக் காட்டிய வழி: பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்து வேகத்தைக் குறை, அப்புறம் மெல்ல ஏற்று. மார்த்தாண்டம் ஜங்ஷனில் ஹாரன் அடிப்பவர்களுக்கும் இதைச் சொல்லலாம்.

குழித்துறை: வீட்டு வைஃபையை விட்டு பஸ் ஏறியதும் டவுன்லோட் நின்றுவிடுகிறதே?

இரு பக்க ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் கருவியின் விலாசம்) போர்ட் எண்ணும் (அந்தக் கருவியில் எந்த ஆப்புக்கு என்று காட்டுவது) சேர்ந்ததுதான் ஒரு டிசிபி இணைப்பு. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் உங்கள் முகவரி மாறிவிடும், பழைய இணைப்பு செத்தது. 2021-இல் தரமாக்கப்பட்ட க்விக் (QUIC) என்ற புது விதிமுறை, யூடிபியின் மேல் ஓடுகிறது. இணைப்புக்கென்று தனி அடையாள எண் வைத்திருப்பதால் முகவரி மாறினாலும் தொடரும். ஆனால் ஆப், சர்வர் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஆப்புக்குத் தெரியாது போலிருக்கிறது.