ஆங்கிலத்தில் 'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

காலால் வேகமாக ஓடுவதே 'ரன்' என்று படித்தவர்களுக்கு, கடை, சாலை, மூக்கு என எல்லாவற்றோடும் அது வரும்போது குழப்பமாகத்தான் இருக்கும். அதன் அடிப்படைப் பொருள், ஒன்று தடைபடாமல் தொடர்வது. கால் ஓட்டம் அதில் ஒரு வகை, அவ்வளவுதான்.

சேலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. அம்மாப்பேட்டையில் "தறி ஓடுதா?" என்று கேட்டால், தறி இடத்தை விட்டு நகர்கிறதா என்று யாரும் நினைப்பதில்லை. "தி மெஷின் இஸ் ரன்னிங்" என்பதும் அதேதான்.

"தி ரோடு ரன்ஸ் ஃப்ரம் சேலம் டு ஏற்காடு." சாலை அசைவதில்லை, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அறுபடாமல் நீள்கிறது. "ஷீ ரன்ஸ் எ ஷாப்" என்றால் அவர் கடை நடத்துகிறார். ஆங்கிலம் பேசுபவர்கள் கடையை ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். இரண்டிலும் கடை நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தேர்தல் இன்னும் சுவாரசியம்: அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்வார். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்', நம்மூர் வேட்பாளர் தேர்தலில் நிற்பதைப் போலவே. மூக்கு ஒழுகினால் 'ரன்னி நோஸ்'.

அப்புறம், பின்னால் ஒட்டும் சிறு சொல்லையும் சேர்த்தே படியுங்கள். "ஐ ரான் இன்டு மை டீச்சர்" என்றால் பெரும்பாலும் ஆசிரியரைத் தற்செயலாகச் சந்தித்தேன் என்று பொருள். "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்" என்பதைப் பால் பொங்கி வெளியே ஓடிவிட்டது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.