‘உச்சா வருது’ என்று எப்போது சொல்வான்? – வாசகர் கேள்வி, குழந்தை மருத்துவர் பதில்

சிறு பிள்ளைகளுக்குக் கழிப்பறைப் பழக்கத்தைக் கற்றுத்தருவது பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். இன்னும் டயப்பர்தான். என் கணவரை ஒரு வயதுக்குள் பழக்கிவிட்டதாகவும், டயப்பர் போட்டுப் போட்டு நான்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டதாகவும் என் மாமியார் சொல்கிறார். அவசரப்படுத்த வேண்டாம், அவனாகவே தயாராகட்டும் என்கிறார் எங்கள் மருத்துவர். ஜூனில் ப்ளே ஸ்கூலில் சேர்க்க வேண்டும். டயப்பரோடு வரும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். நான் யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மாமியார் மிகைப்படுத்தவில்லை, மருத்துவரும் தவறாகச் சொல்லவில்லை. ‘பழக்குவது’ என்ற ஒரே சொல்லால் இருவரும் இரண்டு வெவ்வேறு காரியங்களைக் குறிக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

உங்கள் மாமியார் செய்தது என்னவாக இருந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. தரையில் காலை நீட்டி அமர்ந்து, இரு பாதங்களுக்கு நடுவே பிள்ளையை உட்காரவைத்து, காலையில் எழுந்ததும் ஒருமுறை, பால் குடித்துச் சற்று நேரம் கழித்து ஒருமுறை என்று ‘ஸ்ஸ்ஸ்’ ஒலி எழுப்பிக் கழிக்கவைத்திருப்பார். வயிறு நிறைந்தவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு என்பதால், அந்த நேரக் கணக்கு பெரும்பாலும் பலித்துவிடும். கென்யாவின் கரையோரத்தில் வாழும் டிகோ மக்களிடையே தாய்மார்கள் ஏறத்தாழ இதே முறையில், இதே போன்ற ஒலியை எழுப்பி, ஐந்தாறு மாதக் குழந்தைகளையே பழக்கிவிடுவதைப் பற்றி 1977-இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. ஆகவே இதைப் பாட்டி காலத்துக் கதை என்று ஒதுக்க முடியாது. ஆனால் அங்கே குறிப்பறிந்து செயல்படுபவர் தாய். குழந்தை அடக்கிக்கொள்வதும் இல்லை, தானாக எழுந்து போவதும் இல்லை. வீட்டில் நான்கு பெண்கள், கோவணத் துணி, கழுவிவிட எளிதான முற்றம் என்று இருந்த காலத்தில் அது நன்றாகவே நடந்தது.

மருத்துவர் சொல்வது வேறு. சிறுநீர்ப்பை நிறைவதை உணர்ந்து, சற்று அடக்கி, வாயால் சொல்லி, ஜட்டியைத் தானே இறக்கி உட்காருவதே அவர் சொல்லும் பழக்கம். அதற்கு நரம்புகளின் முதிர்ச்சியோடு நடையும் பேச்சும் கைவிரல்களின் பழக்கமும் கூடிவர வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளின் குறிப்புகளைத் தொகுத்து 1962-இல் வெளியிட்ட ஆய்வில், வற்புறுத்தாமல் பழக்கப்பட்ட பிள்ளைகள் பகல் நேரக் கட்டுப்பாட்டைப் பெற்றது சராசரியாக 28.5 மாதத்தில். உங்கள் மகனுக்கு இப்போது 26 மாதம். எனவே நீங்கள் தாமதித்துவிடவில்லை.

டயப்பர் பிள்ளையைக் கெடுப்பதில்லை. ஆனால் ஈரத்தை மறைக்கிறது. நனைந்த துணி தரும் குளிர்ச்சியை உணராத பிள்ளைக்கு, முன்பு வந்த அந்த உணர்வுக்கும் இந்த ஈரத்துக்கும் உள்ள தொடர்பு எப்படிப் புரியும்? ஆகவே, தயாரான பிள்ளைக்குப் பகலில் டயப்பரை நிறுத்திவிடுவதே முதல் வேலை. பகலில் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கிறானா, மலம் வரும்போது மூலையில் ஒதுங்குவது, முகம் சிவப்பது போன்ற அடையாளம் ஏதேனும் தெரிகிறதா, ‘செருப்பை எடுத்து அங்கே வை’ என்றால் செய்கிறானா என்று ஒரு வாரம் கவனியுங்கள். மூன்றுக்கும் விடை ஆம் என்றால் தொடங்கலாம்.

கோடைதான் இதற்கு நல்ல காலம். வெறும் ஜட்டியோடு திரியலாம், நனைந்த துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் தொடங்கியவர்கள் துணி காயவைக்கவே அலுத்துப்போய் மறுபடி டயப்பருக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். நாடா, கொக்கி, ஜிப் எதுவும் இல்லாத, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த உடைகளாகப் பத்துப் பன்னிரண்டு எடுத்துவையுங்கள். எழுந்ததும், சாப்பிட்டு இருபது அல்லது முப்பது நிமிடம் கழித்தும், குளிக்கும் முன்பும், வெளியே கிளம்பும் முன்பும் உட்காரவையுங்கள்; இங்கே உங்கள் மாமியாரின் நேரக் கணக்கு கைகொடுக்கும். அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டால் வீட்டில் பாதிப் பிணக்கு தீரும் என்பது என் அனுபவம். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காரவைக்க வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை சுமார் 90 மில்லி அளவே கொள்ளும் என்பதால், அரை மணிக்கு ஒருமுறை ‘வருதா, வருதா’ என்று துளைத்தெடுப்பதும், நான்கு மணி நேரம் மறந்துபோய் விட்டுவிட்டு அவனைக் குறைசொல்வதும் இரண்டுமே பயனற்றவை.

தரையில் போய்விட்டால், ‘உச்சா போயிட்டே, அடுத்த தடவை அங்கே போகலாம்’ என்று சொல்லித் துடைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. நம் வீடுகளில் நான்கு பேர் சுற்றி நின்று ‘ஷேம் ஷேம்’ பாடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். பெரியவர்களுக்கு விளையாட்டாகத் தெரியும் அந்த வெட்கம்தான் பின்னாளில் மலத்தை அடக்கும் பழக்கத்துக்கு வித்திடுகிறது. அடுத்த கடிதம் அதைப் பற்றியதே.

பள்ளியைப் பொறுத்தவரை, இரண்டரை வயதுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் ஜட்டி மாற்றிவிட ஓர் ஆயாம்மா இருந்தாக வேண்டும் என்பதே என் கருத்து. சேர்க்கும் முன் கழிப்பறையை நேரில் பாருங்கள். உங்கள் மகன் ‘உச்சா’ என்கிறானா, ‘மூச்சா’ என்கிறானா, ‘ஆய்’ என்கிறானா, ‘கக்கா’ என்கிறானா என்பதை அந்த ஆயாம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒரு சொல்லும் பள்ளியில் வேறொரு சொல்லுமாகப் புழங்கினால், பிள்ளை சொல்லியும் யாருக்கும் புரியாமல் நனைத்துவிட்டு நிற்கும்.

கேள்வி: எங்கள் மகளுக்கு மூன்று வயது நான்கு மாதம். சிறுநீருக்குக் கழிப்பறைக்குப் போகிறாள். மலத்துக்கு மட்டும் டயப்பர் கேட்கிறாள்; போட்டுவிட்டால் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டே கழிக்கிறாள். மறுத்தால் மூன்று நான்கு நாள் அடக்கிவிடுகிறாள். சில சமயம் ஜட்டியில் தண்ணீராகக் கசிகிறது. பிடிவாதமா, வயிற்றுப்போக்கா?
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: இரண்டும் இல்லை, மலச்சிக்கல். என்றோ ஒருநாள் இறுகிய மலம் வெளியேறும்போது வலித்திருக்கும், ஆசனவாயில் சிறு வெடிப்புகூட ஏற்பட்டிருக்கும். அந்த வலியை மறக்காத பிள்ளை அடுத்த முறை உணர்வு வரும்போது கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, உடலை விறைத்து அடக்குகிறது. முக்குகிறாள் என்று பெற்றோர் நினைக்கும் அந்த நேரத்தில் உண்மையில் அவள் மலத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறாள். உள்ளே தங்கிய மலத்தின் நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்வதால் அது மேலும் இறுகுகிறது, மேலும் வலிக்கிறது. நாளாக ஆக மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கும் உணர்வே மங்கிவிடும். அப்போது இறுகிய கட்டியைச் சுற்றிப் புதிய நீர்த்த மலம் கசிந்து ஜட்டியை நனைக்கும். அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி மருந்து கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கசிவு அவள் அறியாமலே நடக்கிறது, அதற்காக அடிப்பது அநியாயம்.

ஆகவே கழிப்பறைப் பயிற்சியைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, கேட்கும்போது டயப்பரைக் கொடுங்கள். ‘விட்டுக்கொடுத்தால் பழகிவிடுமே’ என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் மூன்று நாள் அடக்குவதைவிட டயப்பரில் தினமும் போவது எவ்வளவோ மேல். குழந்தை மருத்துவரிடம் காட்டினால், தேங்கியதை முதலில் வெளியேற்றிவிட்டு, மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ லாக்டுலோஸ் மருந்தோ தருவார். நான்கு நாளில் சரியானதும் பெற்றோர் நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்பவும், வலிக்கும் என்ற பயம் மறையவும் மாதக்கணக்கில் ஆகும், அதுவரை மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் தொடர வேண்டும். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைப்பது, சோப்புத் துண்டைச் செருகுவது ஆகிய கைவைத்தியங்கள் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே அந்த இடத்தைப் பற்றிய பயத்தில் இருக்கும் பிள்ளையைப் பிடித்து அழுத்தி அங்கேயே கைவைத்தால் அந்தப் பயம் இரட்டிப்பாகும்.

உணவில் பாலைக் கவனியுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு அரை லிட்டர் பால் தாராளம்; முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றுக்கும் காய்க்கும் வயிற்றில் இடமிருக்காது, இரும்புச் சத்தும் குறையும். கொய்யா, பப்பாளி, கீரை, தோலோடு கூடிய பயறு, போதுமான தண்ணீர் ஆகியவை உதவும். ஆனால் இறுகிப்போன நிலையில் பழத்தை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

மலம் இளகி, இரண்டு மூன்று வாரம் வலியில்லாமல் போன பிறகு, டயப்பரோடு குளியலறைக்குள் நின்று போகட்டும். பிறகு டயப்பரோடே பாட்டியில் உட்காரட்டும். (பாட்டி என்றால் இங்கே பிளாஸ்டிக் இருக்கைதான், வீட்டுப் பெரியவர்கள் மன்னிக்க.) பிறகு டயப்பரின் அடியில் ஒரு துளை வெட்டிக் கட்டிவிடுங்கள், நாளுக்கு நாள் துளை பெரிதாகட்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பலன் தருகிறது. மலத்தில் இரத்தம் தொடர்ந்தாலோ, வயிறு உப்பினாலோ, எடை ஏறாவிட்டாலோ, பிறந்த முதல் வாரத்திலிருந்தே இந்தச் சிக்கல் இருந்திருந்தாலோ, அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறை மட்டுமே இருக்கிறது. ஊரில் மாமனார் வீட்டில் இந்தியன். குழந்தைக்கு எதில் பழக்குவது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தொடக்கத்தில் இரண்டும் வேண்டாம், தரையில் வைக்கும் சிறு பிளாஸ்டிக் இருக்கை போதும். குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நிமிர்ந்து மலம் எளிதாக இறங்குகிறது, பாதம் தரையில் ஊன்றியிருப்பதால் முக்கவும் முடிகிறது. பெரியவர்களின் வெஸ்டர்ன் இருக்கையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிள்ளைக்கு இந்த இரண்டும் கிடைப்பதில்லை. அதில் பழக்குவதானால் மேலே சிறுவர் வளையமும், காலடியில் ஒரு முக்காலியும் வையுங்கள். இந்தியன் கழிப்பறையில் குந்துவது நல்ல நிலைதான். ஆனால் சிறு கால்களுக்கு அந்த அகலம் எட்டாது, குழிக்குள் விழுந்துவிடுவோம் என்று பயப்படும். ஊருக்குப் போனால் முதல் சில நாள் நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளஷ் சத்தத்துக்கு மிரளும் பிள்ளைகள் உண்டு. அவள் வெளியே போன பிறகு தண்ணீர் விடுங்கள்.

பெண் குழந்தைக்குக் கழுவும்போது கை முன்னிருந்து பின்னாகவே போக வேண்டும். மாறிப்போனால் சிறுநீர்த் தொற்று வரும். குழந்தை மலம் சுத்தமானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. பெரியவர்களின் மலத்தைப் போலவே அதிலும் நோய்க்கிருமிகள் இருக்கும். டயப்பரில் உள்ள மலத்தைக் கழிப்பறையில் தள்ளிவிட்டு, டயப்பரைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். பிறகு குழந்தையின் கையையும் உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு மூன்று வயது. ஆறு மாதமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவன், தங்கச்சிப் பாப்பா பிறந்து மகள் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து நாளுக்கு மூன்று முறை ஜட்டியிலேயே போகிறான். வேண்டுமென்றே செய்கிறானோ என்று தோன்றுகிறது.
– ஒரு பாட்டி, காரைக்குடி

பதில்: பாப்பா நனைத்தால் அம்மா ஓடி வருகிறாள் என்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அம்மா! வீடு மாறியிருக்கிறது, அப்பா ஊரில் இருக்கிறார், அம்மாவின் மடியில் வேறொருத்தி. இந்த நிலையில் பழக்கம் பின்வாங்குவது மிகச் சாதாரணம். ‘நீ பெரிய பையன்’ என்று சொல்வதை இப்போது நிறுத்திவையுங்கள். பெரியவனாக இருப்பதில் அவனுக்கு ஓர் இலாபமும் தெரியவில்லை. தாய் தினமும் அரை மணி நேரமாவது கைக்குழந்தையை உங்களிடம் கொடுத்துவிட்டு அவனோடு மட்டும் இருக்கட்டும். பழையபடி நேரக் கணக்கில் உட்காரவைத்தால் சில வாரங்களில் திரும்பிவிடுவான். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: நான்கரை வயது மகன் பகலில் சரியாக இருக்கிறான். இரவில் தினமும் படுக்கையை நனைக்கிறான். இரவுப் பயிற்சியை எப்படித் தொடங்குவது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: இரவுக்குப் பயிற்சி என்று ஒன்று இல்லை. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரசின் சுரப்பும், நிறைந்ததும் விழித்துக்கொள்ளும் திறனும் தாமாக முதிர வேண்டியவை. ஐந்து வயதில்கூட 100-க்கு ஏறத்தாழ 15 பிள்ளைகள் படுக்கையை நனைப்பார்கள். பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் அது இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். உங்கள் கணவரின் அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள், பல வீடுகளில் அங்கேயே விடை கிடைத்துவிடும். மெத்தைக்கு ரப்பர் விரிப்பு போடுங்கள், படுக்கும் முன் ஒருமுறை போகச் சொல்லுங்கள், மாலைக்கு மேல் தண்ணீரைச் சற்றுக் குறைத்துப் பகலில் கூட்டிக் கொடுங்கள். ஐந்து வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கலாம். ஒன்று மட்டும் வேறு: மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, கூடவே அடங்காத தாகமும் எடை இழப்பும் இருந்தால், காத்திருக்காமல் அன்றைக்கே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள்.