சுவால்கி இடைவெளி என்றால் என்ன? அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் நாடுகள் ஏன் அதை நினைத்துக் கவலைப்படுகின்றன?

பால்டிக் கடலோர வரைபடத்தைப் பாருங்கள். போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவே ரஷ்யாவின் ஒரு துண்டு தனியாகக் கிடக்கும். அதுதான் கலினின்கிராட். இரண்டாம் உலகப் போர் வரை அது ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் நகரம். பிறகு சோவியத் வசம் போனது. சோவியத் உடைந்து லிதுவேனியா தனி நாடானதும் ரஷ்யாவோடு நிலத்தொடர்பு அறுந்துவிட்டது.

கலினின்கிராடிலிருந்து ரஷ்யாவின் கூட்டாளியான பெலாரஸுக்கு நேர்கோட்டில் சுமார் 65 கி.மீ. தூரம்தான். போலந்து-லிதுவேனியா எல்லையில் உள்ள அந்தக் குறுகலான நிலம்தான் சுவால்கி இடைவெளி. பக்கத்தில் உள்ள போலந்து ஊரின் பெயர் அது. எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றுக்கும் மற்ற நேட்டோ நாடுகளிலிருந்து தரைவழியாகப் போக இது ஒன்றே வழி. போர் மூண்டு இதை அடைத்துவிட்டால் மூன்று நாடுகளும் துண்டாகிவிடும். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த பிறகு இது வெறும் கற்பனை பயமாக யாருக்கும் தெரியவில்லை.

சரி, ரஷ்யா பக்கம்? அவர்களுக்கும் கலினின்கிராட் முற்றுகையாகிவிடுமோ என்ற அச்சம் உண்டு. 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்த சரக்குகளை, கலினின்கிராடுக்குப் போகும் தன் ரயில் பாதையில் லிதுவேனியா விடாதபோது மாஸ்கோ கொதித்தது. அப்புறம் 2023இல் ஃபின்லாந்தும் 2024இல் ஸ்வீடனும் நேட்டோவில் சேர்ந்ததால், பால்டிக் கடலோரத்தில் ரஷ்யாவைத் தவிர எல்லாமே நேட்டோ நாடுகள்.

திட்டமிட்ட படையெடுப்பைவிட, ராணுவ ஒத்திகை நேரத்தில் எல்லை தாண்டும் ஒரு ட்ரோனோ விமானமோதான் எனக்கு அதிக பயம் தருகிறது. முடிவெடுக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.