பெருங்குண்டு வார்த்தல், தோட்டா நிரப்புதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் உம்சிந்தோ வட்டாரத்தில் கரும்புத் தோட்டம் வைத்திருக்கிறேன். அப்பா காலமான பிறகு, அவருடைய 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு என் பெயரில் முறைப்படி உரிமம் பெற்றுவிட்டேன். இரவில் காட்டுப்பன்றிகள் வந்து கரும்பைச் சாய்த்துப் பாழாக்குகின்றன. மச்சானுடைய டயர் கடையில் சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் பழைய ஈயம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதை உருக்கிப் பக்‌ஷாட் என்னும் பெரிய ஈயக் குண்டுகளை வார்த்து, சுட்டுத் தீர்ந்த தோட்டா உறைகளில் நானே நிரப்பிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறதா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: சட்டம் இடம் தருகிறது. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் சுடுகருவிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு, உரிமம் உள்ளவர் தம் துப்பாக்கிக்கான தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்வதைத் தடை செய்யவில்லை. ஆனால் அவற்றை விற்கக் கூடாது. உரிமம் பெற்ற ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 200 தோட்டாக்கள், தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்கள் 2,400 என்பது பொதுவான உச்சவரம்பு. தோட்டா வரம்பில் அங்கீகரிக்கப்பட்ட வேட்டைக்காரர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கு உண்டு. 2021-இல் வெளியான திருத்த மசோதா வரைவு இந்த உரிமையையே எடுத்துவிட முனைந்தது என்பதால், சட்டத்தின் இன்றைய நிலையைக் காவல் நிலையத்தின் சுடுகருவி அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்த பின்னரே அச்சும் கருவியும் வாங்குங்கள். காட்டு விலங்கைச் சுடுவதற்கான அனுமதி தனி விஷயம். அதை மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வேலோவின் அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி குண்டுக்கு வருவோம். பறவை வேட்டைக்கான சிறு ரவையை, உயரத்திலிருந்து உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாகச் சொட்டவிட்டு, விழும்போதே உருண்டையாக்கி நீரில் இறுக வைக்கும் முறையில் செய்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் என்ற ஈயக் குழாய் வேலைக்காரர் 1782-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பக்‌ஷாட் அளவுக்குப் பெரிய துளி அவ்வாறு விழுந்தால் இறுகும் முன்பே உருக்குலைந்துவிடும். ஆகவே பெருங்குண்டை அச்சில் வார்க்கவோ அழுத்தி உருட்டவோதான் வேண்டும். வீட்டில் செய்ய முற்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அளவையே தேர்ந்தெடுப்பதற்கும் அதுவே காரணம்.

வார்க்கும் வேலை எளிதாகத் தோன்றும். அந்த எளிமையை நம்பி விடாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் கடைகளில் எஸ்ஜி என்று விற்கும் குண்டின் குறுக்களவு ஏறத்தாழ 8.4 மில்லிமீட்டர், எஸ்எஸ்ஜி 6.8 மில்லிமீட்டர். தூய ஈயத்தில் 8.4 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஏறத்தாழ 3.5 கிராம் இருக்கும். ஒன்பது குண்டுகள் 32 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அச்சு சற்றே பெரிதாக வெட்டப்பட்டு, குண்டு 9 மில்லிமீட்டராக வந்துவிட்டால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் எடை குறுக்களவின் மும்மடிப்படி ஏறுவதால் ஒவ்வொன்றும் 4.3 கிராமாகி, ஒன்பதும் சேர்ந்து 39 கிராமைத் தொட்டுவிடும். வெடிமருந்து அட்டவணையோ குறிப்பிட்ட எடைக்கென்றே கணக்கிடப்பட்டது. அந்தக் கூடுதல் 7 கிராமைத் தள்ளும் சுமை முழுவதும் தங்கள் முகத்தருகே இருக்கும் குழலின் அடிப்பகுதிமீது விழுகிறது. இன்றைய 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பிய அளவுகோலில் வழக்கமான உச்ச அழுத்தம் 740 பார், அதாவது நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 730 மடங்கு. ஆகவே குண்டுகளை எண்ணி நிரப்பாமல், தராசில் நிறுத்து நிரப்புங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 12 போர் குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஓர் அடுக்கில் மூன்று குண்டுகள் ஒன்றையொன்று தொட்டு நின்றால், அவற்றைச் சுற்றி வரையும் வட்டத்தின் குறுக்களவு குண்டின் குறுக்களவைப் போல் 2.155 மடங்கு. 8.4 மில்லிமீட்டர் குண்டுக்கு அது 18.1 வருகிறது. வெறும் குழலில் அது இடறாமல் செல்லும். ஆனால் குண்டுகளைத் தாங்கும் வாட் என்னும் பிளாஸ்டிக் கிண்ணம் இடையில் இருந்தாலோ, குழலின் முனையில் சோக் என்னும் ஒடுக்கம் இறுக்கமாக இருந்தாலோ குண்டுகள் நெருக்குண்டு தட்டையாகும், அழுத்தமும் ஏறும். ஆகவே எந்த அளவுக் குண்டுக்கு எந்த உறை, எந்த வாட், எந்த பிரைமர், எந்த வெடிமருந்து என்று வெடிமருந்துத் தயாரிப்பாளர் அச்சிட்டுத் தந்திருக்கிறாரோ, அதை அப்படியே பின்பற்றுங்கள். ஒரு பொருள் கிடைக்கவில்லையென்றால் அதற்கு ஈடாக வேறொன்றைப் போடாமல், அந்தத் தோட்டாவை நிரப்புவதையே ஒத்திவையுங்கள். சிறு ரவைக்கென்று தரப்பட்ட அளவில் பெருங்குண்டை நிரப்புவது இவற்றுள் மிகக் கெட்ட பழக்கம்.

தந்தையாரின் துப்பாக்கியைப் பற்றியும் ஒரு சொல். பழைய இரட்டைக்குழல்கள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். இன்றைய தோட்டாவுக்கு 70 வேண்டும். நீளம் குறைந்த அறையில் உறையின் மடிப்பு முழுமையாக விரிய இடம் கிடைக்காமல் அழுத்தம் ஏறும். பழைய கரும் வெடிமருந்துக்கென்று செய்த, இன்றைய அழுத்தம் தாங்காத குழலாகவும் இருக்கக்கூடும். உரிமம் பெற்ற துப்பாக்கிச் சீரமைப்பாளர் ஒருவரிடம் கொடுத்து அறையையும் குழலின் சுவரையும் அளந்து, குழலில் பொறித்த சோதனை முத்திரைகளையும் பார்த்த பிறகே முதல் தோட்டாவை நிரப்புங்கள்.

மச்சானுடைய மூட்டையிலும் வேலை இருக்கிறது. கவ்விப் பிடிக்கும் பழைய சக்கர எடைகளில் ஆன்டிமனியும் சிறிதளவு வெள்ளீயமும் கலந்திருப்பதால் குண்டு தேவையான கடினம் பெறும். ஆனால் அண்மைக்காலத்து எடைகளில் துத்தநாகமும் இரும்பும் மிகுதி. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். துத்தநாகத்துக்கு 420 வேண்டும். வெப்பமானி வைத்து 370 பாகை அளவில் நிறுத்தினால் துத்தநாகம் மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். சூட்டைக் கூட்டிவிட்டால் அது கரைந்து முழுப் பானையையும் கெடுக்கும். பழைய பேட்டரித் தகட்டை மட்டும் ஒருபோதும் உருக்காதீர்கள். அதன் கசடு ஈரம் பட்டால் ஆர்சீன் என்னும் கொடிய நச்சுவாயுவை வெளியிடக் கூடும்.

ஈரத்தைப் பற்றி நம் கடற்கரை வட்டாரத்தார் மற்றவர்களைவிட அதிகம் அஞ்ச வேண்டும். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு நீர் அகப்பட்டால் அது நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். ஈயம் முகத்துக்குச் சிதறும். வெளியே கிடந்த ஈயக்கட்டியை முதலில் காய வைத்து, பானை குளிர்ந்திருக்கும்போதே அதில் இட்டு, அதன்பின் அடுப்பைப் பற்றவையுங்கள். முகக் கவசம், தோல் கையுறை, நீண்ட கை சட்டை, மூடிய காலணி இவையின்றி அடுப்பருகே நிற்க வேண்டாம்.

பன்றியைப் பொறுத்தவரை, 30 மீட்டருக்கு அப்பால் பக்‌ஷாட் சிதறி, விலங்கைக் கொல்லாமல் காயப்படுத்தி அனுப்பும். இருட்டில் தூரத்தைக் கணிப்பது அரிது. ஆகவே எத்தனை அடி வரை சுடுவது என்பதைப் பகலிலேயே அட்டைப் பலகையில் சுட்டுப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவரும் கொழுந்தனாரும் சனிக்கிழமைதோறும் எங்கள் ஃபீனிக்ஸ் வீட்டுச் சமையலறையில் தூண்டிலுக்கு ஈயக்கட்டியும், துப்பாக்கிக்குக் குண்டும் வார்க்கிறார்கள். சன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்கிறார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. நான் பயப்படுவது தவறா?

பதில்: அம்மா, தாங்கள் பயப்படுவதே சரி. சமையலறையில் இந்த வேலை இன்றோடு நிற்க வேண்டும்.

புகையை மட்டும் நினைத்துத்தான் அவர்கள் சன்னலைத் திறக்கிறார்கள். சூடு 450 பாகைக்குக் கீழே இருக்கும்வரை ஈயத்தின் ஆவி மிகக் குறைவுதான். பெரிய தீங்கு வேறு வழியில் வருகிறது. மேலே படியும் சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் வழிக்கும்போதும், அச்சிலிருந்து குண்டைத் தட்டி விடும்போதும், குண்டில் நீட்டி நிற்கும் ஈய வாலை வெட்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூள் மேசையிலும் தரையிலும் படிகிறது. அது அவர்களுடைய சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு படுக்கையறை வரை வருகிறது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது நேரே வயிற்றுக்குப் போகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் விழுங்கிய ஈயத்தை 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைக்கு அது இன்னும் கூடும். வளரும் மூளையை அது கெடுக்கிறது, அந்தக் கேட்டைப் பின்னர் சரிசெய்ய மருந்து இல்லை. எலும்பில் சேரும் ஈயம் பல பத்தாண்டுகள் தங்கி, தாய் கருவுற்றிருக்கும்போது வெளிப்பட்டுச் சிசுவையும் அடைகிறது.

இந்த நாட்டில் இது கற்பனைப் பயமன்று. மேற்குக் கேப் கரையோர மீனவக் குடும்பங்களில், வீட்டிலேயே தூண்டில் ஈயம் உருக்கும் இடங்களில், பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2006-இல் நின்றுபோன பிறகும் ஏழை வீடுகளுக்குள் ஈயம் வந்து சேரும் வழிகளில் இது ஒன்று.

குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்த ஈயச் சோதனை கேளுங்கள். கணவருக்கும் கொழுந்தனாருக்கும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால் அது எங்கிருந்து வருகிறதென்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், அமெரிக்காவில் 3.5-லேயே எச்சரிக்கிறார்கள். ஈய நச்சு இங்கே அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருப்பதால், மருத்துவர் இதை அலட்சியமாகத் தள்ள மாட்டார். சமையலறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஈயம் உருக்கிய பானையையோ கரண்டியையோ சமையலுக்குத் திருப்பிக் கொண்டுவரவே கூடாது.

வார்த்தே ஆக வேண்டுமென்றால் வீட்டை விட்டுத் தள்ளிய, மழை படாத திறந்த கொட்டகையில், குழந்தைகள் வராத நேரத்தில் செய்யட்டும். அங்கே தேநீர், சிகரெட் எதுவும் கூடாது. முடித்ததும் அங்கேயே சட்டையை மாற்றி, சோப்பால் கை முகம் கழுவி, குளித்த பின்னரே குழந்தையைத் தூக்கட்டும். அந்தச் சட்டைகளைத் தனியே துவையுங்கள். கசடை மூடிய டப்பாவில் சேர்த்து, நச்சுக் கழிவு வாங்குமிடத்தில் கொடுக்கட்டும். தோட்டத்தில் புதைத்தால் கீரைப் பாத்திக்கே அது வந்து சேரும்.

கேள்வி: ஈயம் நஞ்சு என்றால், பட்டறையில் கழிக்கும் பால்ரஸ் குண்டுகளைத் தோட்டாவில் நிரப்பலாமா? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

பதில்: கூடாது. பேரிங் உருக்கு துப்பாக்கிக் குழலின் உருக்கைவிடக் கடினமானது. குழலைக் கீறும், சோக்கைப் பிதுக்கும். கடையில் விற்கும் இரும்பு ரவை பதமாக்கிய மெல்லிரும்பு. தடித்த பாதுகாப்பு வாட்டுடன், அதற்குரிய மருந்தளவுடன் வருகிறது. ஈயத்தைத் தவிர்க்க வேண்டுமென்ற தங்கள் எண்ணம் நல்லது. அமெரிக்கா 1991-இலேயே நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சதுப்பு நிலங்களில் தடை செய்தது. ஆனால் அதற்குரிய தோட்டாவை, தங்கள் துப்பாக்கி அதைத் தாங்குமா என்று கேட்டறிந்து, கடையிலேயே வாங்குங்கள்.

கேள்வி: குண்டுபட்ட காட்டுப்பன்றி இறைச்சியைப் புளி ஊற்றிச் சமைக்கிறோம். குண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதுமா? (ஸ்டாங்கர்)

பதில்: போதாது. எலும்பில் மோதிய குண்டு பொடிப்பொடியாக உதிர்ந்து, காயத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் பரவுகிறது. புளியும் வினிகரும் அந்தப் பொடியைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். காயத்தைச் சுற்றிலும் ஒரு கையகலத்துக்குச் சதையை வெட்டி நீக்குங்கள். மிச்சத்தைப் புளியில் ஊறப்போடாமல், இஞ்சி பூண்டுடன் வேகவைத்து, புளியைக் கடைசியில் சேருங்கள். கருவுற்ற பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஈயக் குண்டு பட்ட இறைச்சியைப் பரிமாறவே வேண்டாம். வெட்டிய சதையைக் கரும்புக் காட்டில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். இந்த நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்து காணப்படுவதற்கு வேட்டையில் எஞ்சும் இத்தகைய சதையும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.