10 கி.மீ.யை 1 மணி நேரத்தில் ஓடுகிறேன். அரை மாரத்தானை எவ்வளவு நேரத்தில் முடிப்பேன்?

கி.மீ.க்கு 6 நிமிஷம், அப்படியானால் 21.0975 கி.மீ.க்கு 2 மணி 6 நிமிஷம். தாளில் சரிதான், கால் ஒத்துக்கொள்ளாது. தூரம் கூடக் கூட வேகம் குறையும். அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1977-இல் தந்த சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்: புதுத் தூரத்தைப் பழைய தூரத்தால் வகுத்து, 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். உங்களுக்கு 2.206 × 60 = 132.4 நிமிஷம், அதாவது 2 மணி 12 நிமிஷம் சொச்சம்.

கி.மீ.க்கு 6.27 நிமிஷம். இதை 6 நிமிஷம் 27 விநாடி என்று படித்துவிடாதீர்கள் (நானும் படித்து ஏமாந்தவன்தான்). 0.27-ஐ 60-ஆல் பெருக்கினால் 16 விநாடிதான். வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடினால், தூரம் அளக்கும் ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் 21.3 கி.மீ. காட்டலாம். அப்போது அதில் கி.மீ.க்கு 6 நிமிஷம் 13 விநாடி என்று தெரிந்தால்தான் 2 மணி 12 நிமிஷம் கிடைக்கும். நீண்ட ஓட்டப் பயிற்சி இல்லையென்றால் இன்னும் 5 நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள்.