ஹீட்டரின் வடிகால் வால்வைத் திறந்தும் தண்ணீர் வரவில்லையா?

12 வருட ஹீட்டர், வால்வைத் திறந்தால் நாலு சொட்டோடு நின்றுவிடுகிறது என்கிறீர்கள். வால்வு கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. தொட்டியின் அடியில் படிந்த சுண்ணாம்பு அதன் வாயை அடைத்திருக்கும். தண்ணீர் சூடாகும்போது உள்ளே சோளம் பொரிவதுபோல் சத்தம் கேட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் மின்சாரத்தை நிறுத்தி, குளிர்தண்ணீர் வரும் வால்வை மூடி, தண்ணீரை ஆறவிடுங்கள். அப்புறம் ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போகாவிட்டால் அடைப்பே இல்லாத தொட்டிகூட வடியாது. அப்படியும் வரவில்லையா? சுடுதண்ணீர்க் குழாயை மூடிவிடுங்கள்; வடிகால் வால்வு திறந்தபடியே இருக்கட்டும், குளிர்தண்ணீர் வரும் வால்வைப் பத்து விநாடி திறந்து மூடுங்கள். அந்த அழுத்தம் படிவை உடைத்துத் தள்ளும். நாலைந்து முறை செய்யுங்கள். வருவதை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள்: வெள்ளைச் செதில் என்றால் சுண்ணாம்பு, செம்பழுப்பு என்றால் துரு.

துரு நிறைய வந்தாலோ, அடியில் கசிவு தெரிந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். பிளாஸ்டிக் வால்வு என்றால் பலம்போட்டு முறுக்கவே வேண்டாம், பழசானால் பட்டென்று உடையும்.

மறுபடி நிரப்பியதும் சுடுதண்ணீர்க் குழாயில் காற்று இல்லாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். காலித் தொட்டியில் போட்டால் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும்.