பஸ் ஓட்டுகிற இடத்தில் படத்துக்கு என்ன வேலை?

கேள்வி: டீச்சர், நான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் திருவனந்தபுரத்தில் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, இப்போது கல்விக் கடனில் லாஸ் ஏஞ்சல்ஸில் கலை நிர்வாகம் எம்.ஏ. படிக்கிறாள். முதல் வருடம் முடிந்தது. கோடை விடுமுறைக்கு அந்த ஊர் மெட்ரோவின் கலைப் பிரிவில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறதாம், மணிக் கணக்கில் சம்பளமும் உண்டாம். பஸ்ஸும் ரயிலும் ஓட்டுகிற இடத்தில் படத்துக்கு என்ன வேலை? "இது சோறு போடாது, கம்ப்யூட்டர் பக்கம் ஏதாவது பார்க்கச் சொல்லுங்க" என்கிறார் என் மச்சினன். நான் என்ன சொல்லட்டும்?
– ஒரு தகப்பன், தக்கலை

பதில்: போகச் சொல்லுங்கள் அண்ணாச்சி. யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் டிக்கெட் கொடுத்த பஸ்ஸில் திருக்குறள் எழுதியிருக்குமே, அதற்கு அங்கே என்ன வேலை? வண்டி ஓட அது தேவையில்லை. ஆனாலும் வடசேரியில் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்குவதற்குள் அதை நாலு தடவை படிக்காதவர் யார்? பள்ளிக்கூடப் பக்கமே போகாத எங்கள் ஆச்சி பக்கத்துச் சீட்டுப் பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். லண்டன் சுரங்க ரயிலில் 1986 முதலும் நியூயார்க்கில் 1992 முதலும் பெட்டிக்குள் கவிதை ஒட்டுகிறார்கள். நம் பஸ்ஸில் குறள் அதற்கெல்லாம் முந்தியே வந்துவிட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் மெட்ரோ இதற்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. புதுப் பாதை போடும்போது கட்டுமானச் செலவில் அரை சதவீதம் கலைக்குப் போகும். நூறு கோடிக்கு ஐம்பது லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட்/வைன் என்று ஒரு சுரங்க நிலையம், 1999இல் திறந்தது. அதன் மேற்கூரை முழுக்க சினிமா பிலிம் சுற்றுகிற ரீல்களைப் பதித்திருக்கிறார்கள். அந்த நிலையத்தின் கலை வேலை கில்பர்ட் லுஹான் என்ற ஓவியருடையது.

மகள் அங்கே போய் பிரஷ் பிடிப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட பிரிவுகளில் மாணவர்களுக்கு வரும் வேலை வேறு. ஓவியர்களுக்கு அழைப்பு எழுத உதவ வேண்டும். வந்த விண்ணப்பங்களை ஒழுங்கு செய்து தேர்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும். தாளில் வரைந்த படம் சுவருக்குப் போகும்போது பீங்கான் ஓடாகவோ கண்ணாடிச் சில்லாகவோ எனாமல் பூசிய எஃகுத் தகடாகவோ மாறும். அதற்குப் பட்டறையோடும் எஞ்சினியரோடும் பேச வேண்டும். மின்கம்பி எங்கே போகிறது, தீயணைப்புக் குழாய் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள படைப்புகளில் கீறலோ விரிசலோ இருந்தால் போட்டோ எடுத்துப் பதிய வேண்டும். ஓவியக் கல்லூரியில் நாலு வருடம் இருந்தாலும் இதைச் சொல்லித்தர ஆள் இருக்காது.

இந்தப் பராமரிப்பு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, கடற்கரையில் உப்புக் காற்று வேறு. பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகையின் மேல்மாடிச் சுவரோவியங்கள் இன்றும் இருக்கின்றன என்றால், அவை கூரைக்கு அடியில் இருப்பதாலும், யாரோ பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்வதாலும்தான். நான் வேலையில் இருந்தபோது ஓர் அலுவலகத்துக்காரர்கள் தங்கள் காம்பவுண்டுச் சுவரில் படம் வரைய எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டார்கள். பிரஷ் பிள்ளைகளுடையது, வெயிலும் அவர்களுக்கே. கிடைத்தது ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் சான்றிதழும். சுவரைச் சுரண்டி பிரைமர் அடிக்கக்கூடப் பணம் ஒதுக்கவில்லை. அடுத்த ஆனி, ஆடியிலேயே பொரிந்து உதிர்ந்துவிட்டது. மிச்சத்தின் மேல் போஸ்டர் ஒட்டினார்கள். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால்தான் சம்பளம் உண்டு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சந்தோஷப்பட்டேன். 2017இல் பீகாரில் மதுபனி ரயில் நிலையச் சுவர்களை நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் ஓவியர்கள் கூலி வாங்காமல் வரைந்து கொடுத்தார்கள். அவர்கள் மனசு பெரிது. ஆனால் கலை என்றாலே சும்மா செய்து தர வேண்டியது என்ற நினைப்பு அதனால் இன்னும் வலுக்கிறது. சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் போக முடியும். கடன் வாங்கிப் படிக்கிற கண்டக்டர் மகளும் போக வேண்டுமென்றால் சம்பளம் இருந்தே ஆக வேண்டும்.

சரி, ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது விசாவில். அவள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவள் என்றால், கல்லூரிக்கு வெளியே படிப்பு சார்ந்த இந்த வேலைக்கு சி.பி.டி. அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், அது முடிந்துவிட்டது. வேலை அவள் படிப்போடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரும் தேதியும் போட்டு, கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் புது ஐ-20 (மாணவர் விசாவுக்கான கல்லூரிச் சான்று) தரும். அதில் உள்ள தேதிக்கு முன்னால் ஒரு நாள்கூட வேலைக்குப் போகக் கூடாது, "சும்மா வந்து பாரு" என்று கூப்பிட்டாலும் சரி. முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால், படிப்பு முடிந்தபின் கிடைக்கிற ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி கைவிட்டுப் போகும்; ஒரு கோடைக்கு அந்தப் பயம் இல்லை. சம்பளத்துக்கு சமூகப் பாதுகாப்பு எண் எடுக்க வேண்டும். வேலை விவரம், மணி நேரம், மேற்பார்வையாளர் யார் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சினன் சொல்வதிலும் அக்கறை இருக்கிறது. இந்தத் துறையில் ஐ.டி. அளவுக்குச் சம்பளம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டடச் செலவில் ஒரு பங்கு கலைக்கு என்ற விதி அமெரிக்காவில் பிலடெல்பியாவில் 1959இல் தொடங்கி எத்தனையோ நகரங்களில் இருக்கிறது. விமான நிலையங்களும் நகராட்சிகளும் இதற்கு ஆள் வைத்திருக்கின்றன. இங்கே கொச்சி மெட்ரோ 2017இல் ஓடத் தொடங்கியபோதே நிலையத்துக்கு நிலையம் ஒரு கருப்பொருள் வைத்து அலங்கரித்தார்கள். எனவே திரும்பி வந்தாலும் அவள் கற்றது வீணாகாது.

உங்கள் மகளிடம் எனக்காக ஒரு உதவி கேளுங்கள். ஓவியர்களை அழைக்கும்போது மெட்ரோ பொதுவில் வெளியிடுகிற அறிவிப்பில் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். சுவரின் அளவு, பொருள், கூலி, பராமரிப்பு யார் பொறுப்பு என்று எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இனி யாராவது நம் பிள்ளைகளை நாகர்கோவிலில் சுவர் வரையக் கூப்பிட்டால், முதலில் அதைத் தமிழில் எழுதி நீட்டலாம் என்றிருக்கிறேன்.